பத்தாண்டு மரத்துக்கு ஓராண்டு நிலம்: தம்பூன் பம்பளிமாஸ் சொல்லும் பாடம்

ஈப்போவுக்கு வந்து திரும்பும் வெளியூர்க்காரர்களின் காரில் பெரும்பாலும் மூன்று பொருள்கள் இருக்கும்: புந்தோங் கச்சாங் பூத்தே, வெள்ளைக் காப்பித் தூள், தம்பூன் பம்பளிமாஸ். முதல் இரண்டையும் மூலப்பொருள் கிடைத்தால் வேறு ஊரிலும் தயாரித்துவிடலாம். மூன்றாவது அப்படியல்ல. அதற்கு மரம் வேண்டும். அந்த மரம் பல ஆண்டுகள் ஒரே மண்ணில் நிற்க வேண்டும். அது நிற்கும் நிலத்தை யாரும் திடீரென்று திருப்பிக் கேட்காமல் இருக்க வேண்டும்.

நான் ஈப்போவில் வளர்ந்தவள். தம்பூன் சாலையோரக் கடைகளில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பச்சைப் பழங்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போனவள். அண்மையில் ஒரு மாணவர் என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்டார்: “அக்கா, நம் நாட்டில் பம்பளிமாஸ் உற்பத்தி கூடுகிறதா, குறைகிறதா?” கூடுகிறது, குறைகிறது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனால் புள்ளிவிவரம், தாவரவியல், நிலச் சட்டம், நம் தோட்டப்புற வரலாறு என்று நான்கு பாடங்களைத் தொட வேண்டியிருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் வட்டாரத்துப் பழம்

‘பம்பளிமாஸ்’ பழைய தமிழ்ச் சொல் போல ஒலித்தாலும், டச்சுக்காரர்களின் ‘பொம்பல்மூஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மலாயில் இதே பழம் லிமாவ் பாலி. பேராக்கில் ஊர்ப் பெயரையே வைத்து லிமாவ் தம்பூன் என்கிறார்கள். தாவரவியல் பெயர் சிட்ரஸ் மேக்சிமா. ‘மேக்சிமா’ என்றால் மிகப் பெரியது என்று பொருள். சிட்ரஸ் குடும்பத்திலேயே பெரிய பழம் இதுதான்.

பெயர் வெளியிலிருந்து வந்தாலும் பழம் தென்கிழக்காசியாவைச் சேர்ந்தது. 2018இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, இன்று நாம் உண்ணும் சிட்ரஸ் பழங்களில் பெரும்பாலானவை சில காட்டு மூதாதையர்களின் கலப்பில் பிறந்தவை என்று காட்டியது. அந்த மூதாதையர்களில் முக்கியமான மூன்று பம்பளிமாஸ், மாண்டரின், சிட்ரான். ஆரஞ்சு என்பது பம்பளிமாஸும் மாண்டரினும் கலந்தது. அந்த ஆரஞ்சு மறுபடியும் பம்பளிமாஸுடன் கலந்து 18ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் உருவானதுதான் கிரேப்ஃப்ரூட். மேலைநாட்டுக் காலை உணவு மேசையில் இருக்கும் பழத்துக்கு நம் பக்கத்துப் பழம் ஒரு வகையில் பாட்டி முறை.

பம்பளிமாஸுடன் நம் சமையலறையில் புழங்கும் மற்ற உறவினர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் தண்ணீரில் பிழியும் லிமாவ் கஸ்தூரி, தொம் யாமுக்கு மணம் கொடுக்கும் லிமாவ் பூருட், ஊறுகாய்க்கும் பூசைக்கும் வேண்டிய எலுமிச்சை ஆகியவை அந்த வரிசையில் வரும். தமிழ்நாட்டில் ஊறுகாய் போடும் கடாரங்காய்கூட, கடாரம் எனப்பட்ட கெடாவிலிருந்து போனதால் அந்தப் பெயரைப் பெற்றது என்று சொல்வார்கள்.

‘பிற’ என்ற வரியில் ஒளிந்திருப்பவை

இவ்வளவு பழக்கமான பழங்கள் உலகக் கணக்கில் எங்கே இருக்கின்றன? ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1961ஆம் ஆண்டு தொடங்கி ஒவ்வொரு நாட்டின் பயிர்க் கணக்கையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் சிட்ரஸுக்கு ஐந்து வரிகள் உண்டு: ஆரஞ்சு, மாண்டரின் வகைகள், எலுமிச்சை வகைகள், பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும், கடைசியாக ‘வேறு இடத்தில் சேராத பிற சிட்ரஸ்’. பெரிய வணிகம் இல்லாத சிறு சிட்ரஸ் வகைகள் எல்லாம் இந்தக் கடைசி வரியில் ஒன்றாகக் கொட்டப்படுகின்றன.

அந்த அட்டவணையைத் திறக்கும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, எண்ணின் பக்கத்தில் இருக்கும் எழுத்தை. ஓர் எழுத்து, அந்த எண்ணை அந்த நாட்டு அரசே கொடுத்தது என்று சொல்லும். இன்னோர் எழுத்து அது மதிப்பீடு என்று சொல்லும். வேறோர் எழுத்து, தரவு வராததால் கணித்து நிரப்பியது என்று சொல்லும். சிறு பயிர்களில் இப்படி நிரப்பிய எண்கள் வருவது அரிதல்ல. பத்து ஆண்டுகளுக்கு ஒரே சீராக ஏறும் கோட்டைப் பார்த்து “உற்பத்தி வளர்கிறது” என்று எழுதும் முன்னால், அந்தக் கோட்டை வரைந்தது பழமா அல்லது கணினியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு விவசாயத் துறையும் ஆண்டுதோறும் பழப் பயிர்ப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. அதில் நடவுப் பரப்பு, காய்க்கும் பரப்பு, உற்பத்தி, அதன் மதிப்பு ஆகியவை மாநில வாரியாக இருக்கும். இந்த நான்கும் நான்கு வேறு செய்திகளைச் சொல்பவை. நடவுப் பரப்பு உயர்ந்தால் உழவர்கள் நம்பிக்கையோடு கன்று வைக்கிறார்கள் என்று பொருள். ஆனால் ஒட்டுக்கன்று காய்க்கவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே அந்த நம்பிக்கை உற்பத்திக் கணக்கில் உடனே தெரியாது. அதேபோல் புதிதாகக் கன்று வைப்பதை எல்லாரும் நிறுத்திவிட்டாலும், பழைய மரங்கள் காய்த்துக்கொண்டிருக்கும் வரை உற்பத்தி குறையாது. சரிவு வெளியே தெரியும்போது அதற்கான காரணம் நடந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இன்னொரு கண்ணியையும் சொல்லிவிடுகிறேன். கற்பனையாக ஒரு மாவட்டத்தில் 100 ஹெக்டரில் 1,000 டன் விளைகிறது என்று வையுங்கள். ஹெக்டருக்கு 10 டன். அதில் நோயில் வாடிய 40 ஹெக்டர் தோட்டங்கள் வெறும் 200 டன்தான் தந்தன. அவை அழிந்துபோகின்றன. மீதி 60 ஹெக்டரில் 800 டன். இப்போது ஹெக்டருக்கு 13 டன்னுக்கும் மேல்! பரப்பும் உற்பத்தியும் விழுந்திருக்கின்றன. ஆனால் ‘விளைதிறன்’ என்ற வரியை மட்டும் பார்ப்பவர் முன்னேற்றம் என்று எழுதிவிடுவார். மூன்று வரிகளையும் சேர்த்து வைத்தே போக்கைச் சொல்ல வேண்டும்.

தம்பூன் ஏன்?

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய ஈய வயல்களில் ஒன்று. ஈயம் தேடி வந்த சீனர்கள் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் காய்கறியும் பழமும் பயிரிட்டார்கள். சுண்ணாம்பு கலந்த மண்ணும் குன்றிலிருந்து இறங்கும் நீரும்தான் தம்பூன் பழத்தின் சுவைக்குக் காரணம் என்று பயிரிடுவோர் இன்றும் சொல்கிறார்கள். 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, விவசாயமே கதி என்றான குடும்பங்களும் உண்டு.

சந்தையும் பக்கத்திலேயே இருந்தது. சீனப் புத்தாண்டுக்கும் நிலா விழாவுக்கும் பம்பளிமாஸ் படைப்பது வழக்கம். சீன மொழியில் இப்பழத்தின் பெயர், அருள் என்ற பொருள் தரும் சொல்லைப் போல ஒலிப்பது ஒரு காரணம். அதனால் உழவர்கள் இந்த இரண்டு விழாக்களையும் கணக்கு வைத்தே பூவையும் காயையும் பார்த்துக்கொள்கிறார்கள். ‘தம்பூன்’ என்ற பெயரிலேயே பதிவான ரகம் ஒன்றும் உண்டு. அதன் எண் பி.ஓ. 52.

ஆக, மண் இருக்கிறது, வாங்குபவர் இருக்கிறார், பெயரும் இருக்கிறது. பிறகு என்ன சிக்கல்? சிக்கல்கள் இரண்டு. ஒன்று பூச்சி வழியாக வருகிறது. மற்றொன்று காகிதம் வழியாக வருகிறது.

மஞ்சள் தளிர் நோய்

சிட்ரஸ் பயிரிடும் எந்த நாட்டுக்காரரையும் கேளுங்கள், ‘ஹுவாங்லாங்பிங்’ என்ற சீனப் பெயரைச் சொல்லுவார். மஞ்சள் தளிர் நோய் என்று பொருள் சொல்லலாம். இலைகள் தயாரிக்கும் சர்க்கரையை மரம் முழுதும் கொண்டுபோகும் குழாய்களில் ஒரு பாக்டீரியா குடியேறி, பாதையை அடைத்துவிடுகிறது. கிளை மஞ்சளாகிறது. காய் சிறுத்து, ஒருபக்கம் கோணி, பழுத்த பிறகும் அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கிறது. இதற்கு இதுவரை மருந்து இல்லை. நோய் கண்ட மரத்தை வெட்டி அகற்றுவதுதான் வழி.

இதைப் பரப்புவது சைலிட் என்ற பூச்சி. நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். வால்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்காருவதை வைத்து அடையாளம் காணலாம். இளந்தளிரில்தான் முட்டையிடும்.

இதன் அழிவைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைப் பாருங்கள். 2003-04 பருவத்தில் அங்கே 24 கோடியே 20 இலட்சம் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2005இல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2022-23 பருவத்தில் கிடைத்தது ஒரு கோடியே 60 இலட்சம் பெட்டிக்கும் குறைவு. அந்தப் பருவத்தில் வீசிய சூறாவளியும் ஒரு காரணம்தான். ஆனால் மரங்களை அதற்கு முன்பே நோய் தளர வைத்திருந்தது. பணம், ஆராய்ச்சிக்கூடம், இயந்திரம் எல்லாம் இருந்த ஒரு மாநிலத்தில் பதினைந்து பங்கில் ஒரு பங்குதான் மிஞ்சியது. நம் நாட்டிலும் திரெங்கானுவில் பேர்பெற்ற லிமாவ் மாடு தோட்டங்களை இதே நோய் 1990களில் வீழ்த்தியது.

இங்கேதான் நம் வீட்டுக் கொல்லை கதைக்குள் வருகிறது. சைலிட் பூச்சி சிட்ரஸ் மரத்தில் மட்டும் வாழ்வதில்லை. கறிவேப்பிலையும் சிட்ரஸ் குடும்பத்துச் செடி; அதன் தளிரிலும் பூச்சி முட்டையிட்டுப் பெருகும். வேலிக்கு வைக்கும் கெமுனிங் செடியும் அப்படியே. கறிவேப்பிலையில் நோய்க் கிருமி தங்குவதாகக் கருதப்படவில்லை. பூச்சிக்குத்தான் அது வீடு. அதனால்தான் சில நாடுகளில் பச்சைக் கறிவேப்பிலையைப் பயணப் பையில் கொண்டுவர விடுவதில்லை. கறிவேப்பிலையை வெட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெட்டினால் வீட்டில் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். தளிர் விடும்போது திருப்பிப் பாருங்கள், சிட்ரஸ் பயிராகும் பகுதிக்கு வெளியூரிலிருந்து கன்று கொண்டுபோகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கன்று விஷயத்தில் கவனம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நோயுள்ள மரத்தின் கிளையில் பதியம் போட்டால் நோயும் சேர்ந்தே கன்றுக்குப் போகும். அதனால் சான்று பெற்ற நாற்றங்கால் கன்றையே வாங்க வேண்டும். ஒருவர் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை, அடுத்த தோட்டத்தில் கைவிடப்பட்ட மரம் நின்றால் பூச்சி அங்கிருந்து வரும். ஊரே சேர்ந்து ஒரே நேரத்தில் செய்தால்தான் இந்த வேலை பலிக்கும்.

வியட்நாமின் மெக்கொங் ஆற்றுப் படுகையில் கொய்யாவுக்கு இடையே நட்ட சிட்ரஸ் மரங்களில் இந்தப் பூச்சி குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் எப்போதும் கிடைக்கவில்லை. ஆனாலும் உழவரின் அனுபவத்திலிருந்து ஓர் ஆய்வுக் கேள்வி பிறக்கும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

காகிதத்தில் இருக்கும் சிக்கல்

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது பழமொழி. நிலம் தன்னுடையதாக இல்லாவிட்டால் எத்தனை நாள் ஊற்ற முடியும்?

கிந்தா பள்ளத்தாக்கில் பயிரிடுவோர் எல்லாரிடமும் நிலப் பட்டா இல்லை. பழைய சுரங்க நிலங்களிலும் அரசு நிலங்களிலும் பலர் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் பயிர் செய்கிறார்கள். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் அந்தந்த ஆண்டு முடிவோடு காலாவதியாகும். மறுபடி புதுப்பிக்க வேண்டும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் உரிமமும் முடிந்துவிடும். அப்பா வைத்த மரத்தைப் பிள்ளை தானாகப் பெற முடியாது என்று பொருள்.

கீரை பயிரிடுபவருக்கு ஓராண்டு போதும். பம்பளிமாஸ் வைப்பவர் மூன்று, நான்கு ஆண்டு காத்திருந்து, பிறகு பல ஆண்டுகளில் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். அடுத்த சனவரியில் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் நோயுற்ற மரத்தை வெட்டிவிட்டு விலை கொடுத்துச் சான்றுக் கன்று வாங்குவாரா? காய்க்கிற வரை காய்க்கட்டும் என்று விட்டுவிடுவார். அங்கே பூச்சி பெருகி அக்கம்பக்கத்துக்குப் போகும். நிலச் சிக்கல் நோய்ச் சிக்கலாக மாறுவது இப்படித்தான். என் பார்வையில் தம்பூன் கதையின் முடிச்சு இதுதான். ஈப்போ நகரம் கிழக்கே விரிந்து, தம்பூன் பக்கம் தாமான்களும் விடுதிகளும் கேளிக்கைப் பூங்காவும் வந்த பிறகு நில விலை ஏறியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இந்தியாவில் பெங்களூரு அருகே தேவனஹள்ளி என்ற ஊரும் பம்பளிமாஸுக்குப் பேர்போனது. அங்கே அதைச் சக்கோத்தா என்பார்கள். புவிசார் குறியீடும் பெற்ற பழம் அது. 2008இல் அதே தேவனஹள்ளியில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. நில விலை உயர்ந்தது, தோப்புகள் சுருங்கின. புவிசார் குறியீட்டுச் சட்டம் நம் நாட்டிலும் 2000 முதல் உண்டு. சரவாக் மிளகும் பெர்லிஸ் ஹருமானிஸ் மாம்பழமும் அதில் பதிவானவை. அந்தச் சட்டம் பெயரைக் காக்கும். மரம் நிற்கும் நிலத்தைக் காப்பது அதன் வேலையல்ல.

நமக்கு இது புதிய கதையா?

என் பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் வைத்திருந்தார். தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது அவர் சட்டி பானையை எடுத்துவர முடிந்தது. எலுமிச்சை மரத்தை எடுத்துவர முடியவில்லை. நம்மில் பலர் வீட்டிலும் இதே கதை உண்டு.

மலேசியத் தமிழருக்கும் தம்பூன் உழவருக்கும் இதில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. உழைப்பும் கைத்திறனும் இவர்களுடையவை, நிலம் வேறொருவருடையது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது இந்த ஆபத்தை உணர்ந்தவர், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மரத்தோடு நிலமும் கையில் இருக்க வேண்டும் என்ற பாடத்தை நம் சமூகம் அப்போதே விலை கொடுத்துக் கற்றது.

நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பது. ஆகவே பழமரம் வைப்பவருக்கு ஓராண்டு உரிமத்துக்குப் பதிலாக நீண்டகாலக் குத்தகை கொடுப்பதா, வேண்டாமா என்பது மாநில அளவில் பேசித் தீர்க்கக்கூடிய கேள்வி. வாக்களிக்கும் வயதை எட்டிய நீங்களும் அதைக் கேட்கலாம்.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

படிவம் 4, 5 மாணவர்கள் ஓர் அறிவியல் செயல்திட்டம் செய்யலாம். தாமானில் இருக்கும் சிட்ரஸ் இலைகளைச் சேகரித்து நடு நரம்பில் மடித்துப் பாருங்கள். சத்துக் குறைவால் வரும் மஞ்சள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பசுமை நோயின் மஞ்சள் திட்டுகள் இரண்டு பக்கமும் பொருந்தாமல் இருக்கும். இது உறுதிச் சோதனை அல்ல. ஆனால் சந்தேகப்பட்டால் விவசாயத் துறை அலுவலகத்தை அணுகப் போதுமான அடையாளம். புவியியல் மாணவர்கள் பழைய செயற்கைக்கோள் படங்களை எடுத்து, தம்பூன் பக்கம் பச்சை எங்கே வீடாக மாறியது என்று ஆண்டுவாரியாக வரையலாம். பொருளியல் மாணவர்களுக்கு மேலே சொன்ன நான்கு வரிப் புள்ளிவிவரம் காத்திருக்கிறது.

மேற்படிப்புக்கும் வழி பக்கத்திலேயே இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்தவர்களுக்குப் பேராக்கிலேயே தித்தி கந்தோங் விவசாயக் கழகம் உண்டு. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் விவசாய அறிவியல் பட்டம் படிக்கலாம். 1931இல் செர்டாங்கில் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய புத்ரா பல்கலைக்கழகம். 1969இல் அமைந்த மார்டியில் பயிர் ஆராய்ச்சி நடக்கிறது. பூச்சியியல், தாவர நோயியல், நிலச் சட்டம், தரவு அறிவியல் என்று எந்தத் துறைக்குப் போனாலும் இந்தப் பழத்தில் உங்களுக்கு வேலை இருக்கிறது.

“விவசாயம் படித்துத் தோட்டத்துக்கே திரும்பப் போகிறாயா?” என்று வீட்டில் கேட்பார்கள். தோட்டத்தில் அவர்கள் பட்டது நமக்குத் தெரியும், கேட்பதில் தவறில்லை. பாட்டி பிறர் மரத்தை வெட்டினார் என்றும், நீங்கள் மரத்தையும் மண்ணையும் அதன் கணக்கையும் படிக்கப் போகிறீர்கள் என்றும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட மாணவருக்கு நான் கொடுத்த பதில் இதுதான்: கூடுகிறதா குறைகிறதா என்பதை உற்பத்தி வரியில் மட்டும் தேடாதே. இந்த ஆண்டு எத்தனை பேர் புதுக் கன்று வைத்தார்கள், அவர்கள் கையில் நிலம் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது என்று விசாரி. பத்தாண்டு கழித்து வரப்போகும் உற்பத்திக் கணக்கு அங்கேதான் இருக்கிறது.